நூற்றுக்கு எத்தனை வட்டி? ஐந்து கடன்களை 21 மாதத்தில் அடைத்த கணக்கு

2022 மே மாதக் கடைசியில் ஓர் இரவு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, மகனின் பழைய கணக்கு நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் உட்கார்ந்தோம். மொத்தக் கடன் எவ்வளவு என்று அவர் சொன்ன தொகை வேறு, என் மனதில் இருந்த தொகை வேறு. தன் சித்தியிடம் அவர் கைமாற்றாக வாங்கிய 30,000 ரூபாய் எனக்குத் தெரியாது. நான் தண்டல் (நாள்தோறும் கட்டி அடைக்கும் கடன்) எடுத்தது அவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கூட்டியபோது 2,66,000 வந்தது. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 37,000 ரூபாய்தான்.

2024 பிப்ரவரியில் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்தது. லாட்டரி விழவில்லை, ஊரில் நிலம் விற்கவில்லை. கணக்கு எழுதினோம், வரிசை போட்டோம், சமையலறையிலும் பயணத்திலும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோம். இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக நாங்கள் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும்; வழி இதுவேதான்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே அளவில் எழுதுங்கள்

வங்கி ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்கிறது. அடகுக் கடைக்காரர் இரண்டு வட்டி என்கிறார். தண்டல்காரர் வட்டி என்ற சொல்லையே எடுப்பதில்லை, ‘நாளைக்கு இருநூறு’ என்கிறார். இப்படி ஆளுக்கொரு பாஷை பேசினால் எது நம்மை அதிகமாகத் தின்கிறது என்று தெரியாமலே போய்விடும். அதனால் எல்லாவற்றையும் நம் வீடுகளில் புழங்கும் பழைய கணக்குக்கு மாற்றுங்கள்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்? வங்கி சொல்லும் ஆண்டு வட்டியை 12-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

எங்கள் நோட்டில் இருந்தவை இவை.

தண்டல்: பாக்கி 12,000. பத்து வட்டி.
கிரெடிட் கார்டு: 58,000. மூன்றரை வட்டி, ஜி.எஸ்.டி. சேர்த்தால் நாலுக்கு மேல்.
அடகுக் கடையில் மூன்று பவுன் சங்கிலி: 70,000. இரண்டு வட்டி.
தனிநபர் கடன்: 96,000, இன்னும் 21 தவணை. ஆண்டுக்கு 16 விழுக்காடு, அதாவது ஒன்றேகாலுக்குச் சற்று மேல்.
சித்தியின் கைமாற்று: 30,000. வட்டி இல்லை.

தண்டல் எப்படிப் பத்து வட்டி ஆகும் என்று என் கணவர் கேட்டார். 20,000 கடன் என்று பெயர். கையில் கொடுத்தது 17,000. நாளைக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 3,000-தானே, 17,000-க்கு அது பதினெட்டு விழுக்காடுகூட இல்லையே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 17,000 முழுதாக நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 120 விழுக்காடு வருகிறது. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து.

கார்டும் இப்படித்தான் கண்ணைக் கட்டும். 58,000 நிலுவைக்குக் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 2,900 ரூபாய். அதைத் தவறாமல் கட்டினேன், பொறுப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த மாத வட்டி 2,030, வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 365. இரண்டும் போக அசலில் குறைந்தது 505 ரூபாய். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள், 50 நாள் என்ற வட்டியில்லாக் காலம் முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே.

எழுதும்போது கடன் பத்திரத்தில் ‘பிளாட்’ வட்டி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 12 விழுக்காடு பிளாட், மூன்று வருடம் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முழு லட்சத்துக்கும் கடைசிவரை 36,000 வட்டி கட்டுவீர்கள். குறையும் அசலில் கணக்கிட்டால் அது சுமார் 21 விழுக்காட்டுக்குச் சமம்.

படி 2: 30 நாள் செலவு எழுதி, துண்டு எவ்வளவு என்று பாருங்கள்

ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம். எழுதினால் போதும். டீக்குக் கொடுத்த 15 ரூபாயும் மொய் வைத்த 500 ரூபாயும் அன்றன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும்.

எங்களுக்கு வாடகை 7,000, தனிநபர் கடன் தவணை 5,273, அடகு வட்டி 1,400, பள்ளி, வேன் 3,500, எரிவாயு, மின்சாரம், போன் 2,300, பெட்ரோல் 2,500, மளிகை, பால், காய்கறி 9,000, கார்டுக்கு 2,900, தண்டலுக்கு 6,000. கூட்டினால் 39,873. வருமானத்தைவிட 2,873 கூடுதல். மாதாமாதம் விழும் அந்தத் துண்டைத்தான் கார்டைத் தேய்த்து மூடிக்கொண்டிருந்தோம். தெரிந்த பிறகு எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது என்பதுதான் உண்மை. அதுவரை எவ்வளவு என்றே தெரியாத பள்ளம் அது.

படி 3: புதுக் கடனை நிறுத்துங்கள்

கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். போனில் உள்ள எல்லாச் செயலிகளிலிருந்தும் அதன் எண்ணை நீக்கினோம். இது சின்ன வேலையாகத் தோன்றும். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து பதினாறு இலக்கங்களை அடிக்க வேண்டும் என்றால் பாதிப் பொருள் வேண்டாம் என்றாகிவிடும். தண்டல்காரர் 70-ஆவது நாளிலேயே ‘இதை முடித்துப் புதுசாக முப்பதாயிரம் தருகிறேன்’ என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு மாதம் 6,000 ரூபாயை மீட்டுக் கொடுத்தது.

படி 4: வரிசை போடுங்கள்

பொது விதி எளிது. எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் அதிக வட்டிக் கடனில் போடுங்கள். அது தீர்ந்ததும் அதற்குக் கட்டிவந்த தொகையை அப்படியே அடுத்ததில் போடுங்கள்.

ஆனால் ஒவ்வொரு கடனிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று முன்கூட்டியே கட்டினால் எனக்கு எவ்வளவு மிச்சம்? தண்டல் பத்து வட்டிதான், ஆனால் வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 12,000-ஐ இன்றே கொடுத்தாலும் 60 நாளில் கொடுத்தாலும் அதே 12,000. அவசரப்பட்டு அடைப்பதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. புதுப்பிக்காமல் இருந்தால் போதும். தனிநபர் கடனை முன்கூட்டி முடித்தால் நிலுவையில் 4 விழுக்காடும் அதன் மேல் வரியும் கேட்டார்கள். (தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய, மாறும் வட்டியுள்ள கடனுக்கு இப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களுடையது நிலையான வட்டி.) ஆகவே அதையும் அதன் போக்கில் விட்டோம். எங்கள் வரிசையில் முதலில் வந்தது கார்டு.

படி 5: வட்டி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள்

அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு இருந்த சங்கிலியை வங்கியில் வைத்தால் ஆண்டுக்கு 9 விழுக்காடு, அதாவது முக்கால் வட்டி. மாதம் 1,400 கட்டிய இடத்தில் 525. எங்களைத் தடுத்தது ஒன்றே ஒன்று: கடையிலிருந்து மீட்க 70,000 கையில் வேண்டும், மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். என் கணவரின் அண்ணனிடம் காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்தோம். அவரையும் வங்கிக்கு அழைத்துக்கொண்டுதான் போனோம். பணம் கொடுத்தவருக்கும் நிம்மதி வேண்டுமல்லவா.

நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, 85,000 வரை கொடுக்கலாம் என்றார். கூடுதலாகக் கிடைத்த 15,000-ஐ அன்றைக்கே கார்டில் கட்டினேன். நாலு வட்டிக் கடன் முக்கால் வட்டிக் கடனாக மாறிவிட்டது. இதில் ஓர் ஆபத்து உண்டு: கூடுதலாகக் கிடைக்கும் பணம் வீட்டுக்கு வந்து ஓர் இரவு தங்கினால் கரைந்துவிடும். வங்கி வாசலிலேயே நின்று கட்டிவிடுங்கள்.

நகையை விற்றுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வட்டி கட்ட வழியே இல்லை, ஏலத்துக்குப் போகும் நிலை என்றால் விற்பதே நல்லது. ஏலத்தைவிட நாமே விற்றால் விலை கூடக் கிடைக்கும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

படி 6: வீட்டில் குறைக்க வேண்டியது எங்கே?

எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். எல்லாவற்றிலும் பத்து பத்து ரூபாய் குறைக்கப் பார்த்தால் வீடே சிடுசிடுப்பாகிவிடும். பெரிதாகப் போகும் இரண்டு மூன்று இடங்களைப் பிடியுங்கள்.

முதலாவது மளிகை. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பல வருடமாக அதை வாங்காமல் விட்டிருந்தோம். பருப்பை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி டப்பாவில் அடைத்தால் வண்டு வராது. காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999-இல் தொடங்கியது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனாலும் தெருமுனைக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் ஒரு வாரத்துக்கான காயை வாங்கி, வாடுவதை முதலிலும் தாங்குவதைப் பின்னாலும் சமைப்பேன்: கீரை அன்றைக்கே, கத்தரியும் அவரையும் புதன்வரை, பூசணி, சேனை, கருணை வாரக் கடைசியில். சனிக்கிழமை இரவுப் பரோட்டாவை மாதம் ஒரு முறையாக்கினோம். மாவு வீட்டிலேயே அரைத்தோம். 9,000 என்றிருந்தது 7,000 ஆயிற்று. யாரும் பசியோடு படுக்கவில்லை. பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் கை வைக்கவே இல்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

இரண்டாவது பயணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காகவே என் கணவர் தினமும் வண்டியைச் சுற்றிக்கொண்டு வருவார். 20 நிமிடம் முன்னால் கிளம்பி பஸ்ஸில் போகத் தொடங்கினேன். மாதம் 800 ரூபாய்ப் பெட்ரோல் மிச்சம்.

மின்சாரத்துக்கு ஒரு வழக்கம் போதும்: பத்து நாளுக்கு ஒரு முறை மீட்டரைப் படித்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். 480-ஐ நெருங்கும்போது தெரிந்துவிட்டால் கடைசி நாள்களில் சுதாரிக்கலாம். போன் திட்டங்களையும் சேர்த்து இதில் 600 ரூபாய். மூன்றும் சேர்ந்து 3,400. துண்டு விழுவது நின்றது.

படி 7: கார்டை அடைக்கும் முன் 5,000 ரூபாய் ஒதுக்குங்கள்

இதில் நான் தவறு செய்தேன். மிஞ்சியதை எல்லாம் கார்டில் போட்டுக்கொண்டே வந்தேன். முதல் இரண்டு மாதம் 4,190 வீதம் (பழைய 2,900-உடன், வீட்டில் மிஞ்சியதும் அடகு வட்டியில் குறைந்ததும் சேர்த்து). தண்டல் தீர்ந்த பிறகு 10,190 வீதம். நிலுவை 20,000-க்குப் பக்கத்தில் வந்தபோது, அக்டோபரில், மகனுக்கு டெங்குக் காய்ச்சல். மூன்று நாள் மருத்துவமனை, 12,000 ரூபாய். கையில் எதுவும் இல்லை. பீரோவைத் திறந்து கார்டை எடுத்தேன். டிசம்பரில் முடிய வேண்டிய கடன் தை மாதத்தில்தான் முடிந்தது. முதல் இரண்டு மாத மிச்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தால், தேய்க்க வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். சிறு தொகையாக இருந்தாலும் அது முதலில் இருக்கட்டும்.

கார்டு முடிந்ததும் அடுத்த மூன்று மாதம் சித்திக்குக் கொடுத்தோம். வட்டிக் கணக்குப்படி அது கடைசி. ஆனால் வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒரு வார்த்தை கேட்காமல் காத்திருந்தவர் அவர். அந்த 30,000 அவர் கையில் இருக்க வேண்டிய நேரம் அது. பிறகு நகைக்கடனுக்குக் கட்டினோம். 2024 ஜனவரியில் சங்கிலி வீட்டுக்கு வந்தது, பிப்ரவரியில் தனிநபர் கடனின் கடைசித் தவணை.

மிரட்டல் வந்தால்

தவணை தவறியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் இதைத் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. போனில் கடன் கொடுத்துவிட்டுப் படங்களைத் திரித்து மிரட்டும் செயலிக் கும்பல் என்றால் 1930-க்கு உடனே அழையுங்கள். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது; காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். உயிரை விடுகிற அளவுக்கு எந்தக் கடனும் பெரிதில்லை. தயவுசெய்து வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

‘பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் செய்துவிடலாம்’ என்று கார்டு நிறுவனம் அழைத்தால் யோசியுங்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது உதவும். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றே வரும். நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

படி 8: கடைசி ரூபாய் கட்டிய பிறகு

அடைத்ததோடு வேலை முடியவில்லை. வங்கிக் கடனுக்கு நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். கைக்கடன் என்றால் எழுதிக் கொடுத்த புரோநோட்டையும், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலைகளையும் திருப்பி வாங்குங்கள். ‘அப்புறம் தேடித் தருகிறேன்’ என்பவர்களிடம் பணம் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். நகையை மீட்கும்போது வைத்த அன்று குறித்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் அறிக்கையில் தனிநபர் கடனில் இன்னும் 312 ரூபாய் பாக்கி என்று இருந்தது. நிலுவை இல்லைச் சான்றின் நகலை இணைத்துத் திருத்தம் கேட்டேன். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் வந்திருந்தது.