பெட்டியில் இருக்கும் பிலிமைப் பார்த்த பிறகே ஸ்கேனர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் கணினிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, எந்த ஸ்கேனர் சிறந்தது என்பதைத்தான். தேடல் அங்கே தொடங்குவதே முதல் தவறு. கையில் இருப்பது 35 மில்லிமீட்டர் பிலிமா, அதைவிட அகலமான 120 வகைச் சுருளா, கலர் நெகட்டிவா, ஸ்லைடா, கருப்பு வெள்ளையா, மொத்தம் எத்தனை படங்கள், அவற்றைத் திரையில் மட்டும் பார்க்கப் போகிறோமா பெரிதாக அச்சிடப் போகிறோமா என்பவை தெளிவாகாத வரை, கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து, ஸ்கேனர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதை, அப்படியே நம்புவது. கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஸ்கேன் செய்யும் பிளாட்பெட் ஸ்கேனர்கள் பலவற்றில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். அது சென்சாரும் மோட்டாரும் எத்தனை புள்ளிகளை எடுக்கின்றன என்பதைச் சொல்லும் கணக்கே தவிர, லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அல்ல. சோதனை அட்டைகளைக் கொண்டு அளந்தவர்களுக்கு இவ்வகைக் கருவிகளில் கிடைப்பது பெரும்பாலும் 1500 முதல் 2400 டிபிஐ வரைதான். 24 × 36 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு படத்தை 6400 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 55 மெகாபிக்சல் வரும். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் அது 330 எம்பி அளவுக்குப் பெருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் உண்மையான நுணுக்கம் 8 மெகாபிக்சலைத் தாண்டுவது அரிது. வன்தட்டு நிறைவதும் ஸ்கேன் நேரம் பல மடங்கு நீள்வதும்தான் மிச்சம். முழுமையான 2400 டிபிஐ கிடைத்தாலே 35 மில்லிமீட்டர் படத்தை 11 × 7.5 அங்குலத்தில் நன்றாக அச்சிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதனால் பிளாட்பெட் வீண் என்று முடிவு கட்டுவதும் தவறே. 56 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுர 120 பிலிமை அதே 2400 டிபிஐயில் எடுத்தால் 28 மெகாபிக்சல் வந்துவிடும். 120 பிலிமும் 35 மில்லிமீட்டரும் கலந்து வைத்திருப்பவருக்குப் பிளாட்பெட் நியாயமான தேர்வு. 35 மட்டுமே வைத்திருப்பவர் அந்த அளவிற்கென்றே செய்யப்பட்ட சிறிய பிலிம் ஸ்கேனரையோ, கேமராவையோ நாடுவது நல்லது. பிளாட்பெட்டில் படம் மங்கலாக வந்தால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் பிலிம் ஹோல்டரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பிலிம் வளைந்திருந்தாலும், குவிய உயரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

பிலிமின் எவ்வளவு அடர்ந்த பகுதிவரை ஸ்கேனரால் பார்க்க முடியும் என்பதைச் சொல்லும் டிமேக்ஸ் என்ற அடர்த்தி எண்ணும் இப்படி மயக்குவதே. அது மடக்கை அளவு: 3.0 என்றால் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கும், 4.0 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் பிலிமைக் கடந்து வருகிறது. ஸ்லைடுகளின் அடர்ந்த நிழல்களுக்கு இது மிக முக்கியம். அடர்த்தி குறைந்த கலர் நெகட்டிவ்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

பலர் ஏமாறுவது தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியில்தான். கலர் பிலிமில் சாயங்கள் அகச்சிவப்பைக் கடக்க விடுகின்றன, தூசியும் கீறலும் தடுக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே கருவி பழுதுகளைக் கண்டுபிடித்து நிரப்புகிறது. மரபான கருப்பு வெள்ளை பிலிமில் படத்தை உருவாக்குவதே வெள்ளித் துகள்கள். அவையும் அகச்சிவப்பைத் தடுப்பதால், மென்பொருள் படத்தையே பழுது என்று எண்ணிச் சிதைத்துவிடுகிறது. கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் இது எல்லா நேரமும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. மாறாக, கலர் பிலிமின் சி-41 முறையிலேயே கழுவப்படும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற கருப்பு வெள்ளை பிலிமுக்கு இது சரியாகப் பொருந்தும், ஏனெனில் அதில் எஞ்சுவது சாயம் மட்டுமே. ஆகவே வெள்ளி பிலிம் மட்டும் வைத்திருப்பவர் இந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிளஸ்டெக் நிறுவனத்தின் 8100, 8200i மாடல்களுக்கிடையே உள்ள முக்கிய வேறுபாடே இதுதான். கலர் நெகட்டிவ் நிறைய வைத்திருப்பவர் மலிவானதை வாங்கினால், ஒவ்வொரு புள்ளியையும் கையால் துடைத்துக்கொண்டிருக்க நேரிடும்.

நெகட்டிவைக் கேமராவால் படமெடுத்து நேர்ப்படமாக மாற்றும் முறை இன்று பரவலாகிவிட்டது. வேகமானது, தரமும் உயர்ந்தது. ஆனால் பணம் முழுவதையும் கேமராவில் கொட்டிவிட்டு, ஒளிமூலத்தை அலட்சியப்படுத்துகிறார்கள். கைபேசித் திரையின் மேல் பிலிமை நேராக வைத்தால் திரையின் பிக்சல் வலை படத்தில் பதியும். நிறம் காட்டும் திறன் குறைந்த எல்இடி பலகையில் தோல் நிறம் எத்தனை திருத்தினாலும் சரியாவதில்லை. நிறம் காட்டும் திறனை அளக்கும் சிஆர்ஐ எண் 95க்கு மேற்பட்ட ஒளிப்பலகையும், பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டரும், 1:1 வரை, அதாவது பிலிமின் அதே அளவில் சென்சாரில் பதிக்கும் வரை, நெருங்கும் மேக்ரோ லென்ஸும் கேமராவின் மாடலைவிட முக்கியமானவை. சென்சாரும் பிலிமும் இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை தெளிவாகவும் மறு மூலை மங்கலாகவும் வரும். பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் காட்சியின் நடுவில் அமையும்படி சரிசெய்வது எளிய வழி. பிலிமைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கருப்பு அட்டையால் மறைக்காவிட்டால் படத்தின் கான்ட்ராஸ்ட் குறைந்துவிடும்.

மென்பொருளைக் கருவி வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது மிகச் செலவு வைக்கும் தவறு என்பது என் கருத்து. ஸ்கேனரை இயக்கும் மென்பொருளான சில்வர்ஃபாஸ்டின் உரிமம் குறிப்பிட்ட ஸ்கேனர் மாடலுக்கானது. கருவி மாறினால் அது உதவாது. வியூஸ்கேன் ஒரே உரிமத்தில் பழைய, புதிய ஸ்கேனர்கள் பலவற்றை இயக்குகிறது. நெகட்டிவை நேர்ப்படமாக்கும் நெகட்டிவ் லேப் ப்ரோ தனியாக இயங்காது, அதற்கு லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டர் தேவை. இலவச எடிட்டரான டார்க்டேபிளில் இதே வேலைக்காக 2020இல் வந்த நெகடாக்டர் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது, பழகத்தான் பொறுமை வேண்டும். கலர் நெகட்டிவைச் சாதாரண எடிட்டரில் வெறுமனே தலைகீழாக்கினால் பிலிமின் ஆரஞ்சுப் பூச்சால் நீலம் படர்ந்த படமே கிடைக்கும். நெகடாக்டர் போன்றவை அந்த அடிநிறத்தை அளந்தே கணக்கிடுவதால், படமெடுக்கும்போது ஒளிபடாத விளிம்பைச் சிறிது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிக்கான் கூல்ஸ்கேன் போன்ற உற்பத்தி நின்றுபோன கருவிகளைப் பழையதாக வாங்குவோர், ஒளியியலின் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு இணைப்பு வாயிலை மறக்கிறார்கள். சிலவற்றில் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உண்டு, அதற்கான வாயில் புதிய கணினிகளில் இல்லை. 2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டதால் பழைய ஸ்கேனர் மென்பொருள்கள் பலவும் அங்கே முடங்கின. கருவியை எந்தக் கணினியில், எந்த மென்பொருளால் இயக்கப் போகிறோம் என்பதை வாங்கும் முன்பே உறுதிப்படுத்த வேண்டும்.

தானியங்கித் திருத்தங்களை ஸ்கேன் செய்யும்போதே போட்டு, ஜேபெக் கோப்பாக மட்டும் சேமிப்பதும் பரவலான பழக்கம். அதில் வெட்டுண்ட வெளிச்சப் பகுதியும் நிழலும் திரும்ப வராது. வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் இரண்டும் அகச்சிவப்புத் தடத்தையும் சேர்த்துத் திருத்தம் செய்யாத கச்சாக் கோப்பாகச் சேமிக்கவல்லவை. அதிலிருந்து தூசி நீக்கத்தையும் நிறத்தையும் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், பிலிமை மறுபடி தொட வேண்டியதில்லை. விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை ஸ்கேனரில் அணைத்துவிட்டு, அச்சுக்கோ திரைக்கோ தயாராகும் பிரதியில் மட்டும், அதன் இறுதி அளவுக்கு ஏற்பச் செய்ய வேண்டும்.