லாக்சீக்கில் வீட்டுக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

வண்டிக் காப்பீடு முடியும் நாள், தண்ணீர் சுத்திகரிப்பியின் உத்தரவாத அட்டை, அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றையெல்லாம் நான் பல ஆண்டுகள் ஒரே நீளக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். தேடும்போதுதான் சிக்கல் தெரிந்தது. 'காப்பீடு' என்று தேடினால், 'காப்பீட்டைப் புதுப்பித்தேன்' என்று எழுதிய வரி அகப்படாது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் வடிவமே மாறிவிடும் தமிழில், வெறும் சொல்தேடலை நம்பிக் குறிப்பெழுதுவது பாதி வேலைதான். ஒவ்வொரு குறிப்புக்கும் மாறாத வடிவில் ஓர் அடையாளத்தை ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை தீரும். அதற்கு நான் பயன்படுத்துவது லாக்சீக் (Logseq) என்னும் இலவச, திறமூலக் குறிப்பெழுதும் மென்பொருள். இதன் புதிய பதிப்பு குறிப்புகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. இங்கே விளக்குவது சாதாரண உரைக்கோப்புகளாகச் சேமிக்கும் பதிப்பையே.

முதலில், மென்பொருளை நிறுவியதும் குறிப்புகளுக்கென்று ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கி அதைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய தேதியிட்ட நாட்குறிப்புப் பக்கம் திறக்கும். அங்கேயே எழுதத் தொடங்கலாம். எழுதும் ஒவ்வொரு பத்தியும் ஒரு புள்ளியுடன் தனி உருப்படியாக நிற்கும். என்டர் அழுத்தினால் அடுத்த புள்ளி வரும். டேப் அழுத்தினால் அது மேலே உள்ளதன் கிளையாக உள்ளே தள்ளிப் போகும். ஷிஃப்ட்டுடன் டேப் அழுத்தினால் வெளியே வரும். புள்ளியைச் சொடுக்கினால் அந்தக் கிளை மட்டும் திரையில் நிற்கும். இவ்வளவு தெரிந்தால் படிநிலைக் குறிப்பு எழுதத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, முன்பு சொன்ன மாறாத அடையாளங்களை, அதாவது பண்புகளைச் சேர்ப்பது. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓர் உருப்படியின் முதல் வரியை எழுதிய பின், என்டருக்குப் பதிலாக ஷிஃப்ட்டுடன் என்டர் அழுத்தி, அதே உருப்படிக்குள் கீழ்வரிக்குச் சென்று, பண்பின் பெயர், இரண்டு முக்காற்புள்ளிகள், ஓர் இடைவெளி, மதிப்பு என்ற வரிசையில் எழுத வேண்டும்:

• ஸ்கூட்டர் காப்பீட்டுப் பத்திரம்
வகை:: காப்பீடு
முடியும்-நாள்:: 2026-11-18
தொகை:: 1480
இருக்குமிடம்:: பீரோ, நீலக் கோப்பு

இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். பண்பின் பெயரில் இடைவெளி விடாமல் சிறுகோடு இட்டிருக்கிறேன். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். நாளை முன்னால் எழுதினால், வரிசைப்படுத்தும்போது மார்ச் 2 க்கு முன்னால் நவம்பர் 1 வந்து உட்காரும். தொகையில் காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் இல்லை, ஏனெனில் அது எண்ணாகவே இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் 'காப்பீடு' என்றும், மறுநாள் 'இன்சூரன்ஸ்' என்றும், அவசரத்தில் 'காப்பிடு' என்றும் எழுதியதால், ஒரே வகை மூன்று வகையாகிவிட்டது. எந்தப் பட்டியலும் முழுமையாக வரவில்லை. ஆகவே எழுத உட்காரும் முன்பே ஐந்தாறு வகைகளை முடிவு செய்து, 'வகைகள்' என்ற தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் [[வகைகள்]] என்று எழுதினாலே அந்தப் பெயரில் பக்கத்துக்கான இணைப்பு உருவாகிவிடும். காப்பீடு, மருத்துவம், உத்தரவாதம், வரி, அடையாள ஆவணம் ஆகியவை என் வீட்டுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

மூன்றாவதாக, எழுதியவற்றைத் திரட்டுவது. புதிய பக்கம் ஒன்றில் சாய்கோட்டை இட்டு, ஆங்கில எழுத்துகளில் 'கொயரி' (query) என்று தட்டச்சு செய்து, வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வெளியே சொடுக்கினால் கூட்டல் குறி தோன்றும். அதன்வழி 'பிராப்பர்ட்டி' (property) என்ற வடிகட்டியையும், அதில் 'வகை' என்ற பெயரையும், 'காப்பீடு' என்ற மதிப்பையும் தேர்ந்தெடுத்தால், எந்த நாளில், எந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாலும் அந்த வகை உருப்படிகள் அனைத்தும் ஒரே இடத்தில் வந்து சேரும். அட்டவணைக் காட்சிக்கு மாற்றினால் பண்புகள் நெடுவரிசைகளாக நிற்கும். 'முடியும்-நாள்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் நாள் வாரியாக வரிசைப்படும். இந்த எண்ணம் புதியதன்று. 1988 இல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட அஜெண்டா என்ற மென்பொருளே, ஒரே குறிப்பைப் பல பிரிவுகளின்கீழ் காணும் வசதியைத் தந்தது.

பழைய குறிப்புகள் அனைத்துக்கும் ஒரே நாளில் பண்பு சேர்க்க முற்பட வேண்டாம். முற்பட்டவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஓர் ஆவணம் கைக்கு வரும்போது அதற்கு மட்டும் எழுதினால் போதும்.

கடைசியாகப் பாதுகாப்பு. உங்கள் கோப்புறையில் இருப்பவை யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரைக்கோப்புகள். எனவே கடவுச்சொற்களையும் வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும் இதில் எழுதாதீர்கள். அவற்றுக்குக் கீபாஸ் போன்ற மறையாக்க மென்பொருள்கள் உண்டு. ஆதாரோ கடவுச்சீட்டோ எங்கே இருக்கிறது என்பதை மட்டும் 'இருக்குமிடம்' பண்பில் குறித்தால் போதுமானது. வாரம் ஒருமுறை கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்து, அந்தப் பென்டிரைவையும் ஓர் உருப்படியாக்கி, அது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.