12 வோல்ட் அடாப்டரில் இருந்து வேண்டிய வோல்ட்டேஜ்: எல்.எம்.317 பவர் சப்ளை செய்வது எப்படி?

அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஸ்கூல் புராஜெக்டுக்காக 3 வோல்ட் பொம்மை மோட்டாரைக் கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரில் மாட்டிவிட்டான். "மாமா, கருகுற வாசனை வருது!" என்று அவன் கத்த, நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் மோட்டார் போய்விட்டது. மறுநாளே பெங்களூரு அல்சூரிலிருந்து அவனை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். அன்று நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை: எல்.எம்.317 ஐ.சி. ஒன்று (வோல்ட்டேஜைக் குறைத்து, வைத்த அளவில் நிறுத்துவது இதுதான்), அதற்கு ஹீட்சிங்க் (சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டு), 240 ஓம் ரெசிஸ்டர், 2கே, அதாவது 2000 ஓம் லீனியர் பாட் (குமிழைத் திருப்பி ஓமை மாற்றும் ரெசிஸ்டர்), 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், டி.சி. ஜாக், பிரட்போர்டு (சாலிடர் இல்லாமல் செருகிக் கட்டும் பலகை). வீட்டில் மல்டிமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பல சர்க்யூட் படங்களில் 5கே பாட் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் அடாப்டருக்கு அது சரிவராது. மூன்றில் ஒரு பங்கு திருப்பியதுமே வோல்ட்டேஜ் உச்சத்துக்குப் போய்விடும், மீதித் திருப்பலில் ஒன்றும் நடக்காது. 2கே போட்டால் குமிழ் கிட்டத்தட்ட முழுச்சுற்றும் வேலை செய்யும்.

ஐ.சி.யின் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். அடாப்டரின் பிளஸ் இன்புட்டுக்குப் போகும். எது பிளஸ் என்பதை மீட்டர் வைத்தே பாருங்கள், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். 240 ஓமை அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவில் போடுங்கள். பாட்டின் நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் சேர்த்து மைனஸில் கட்டி, மற்ற ஓரக்காலை அட்ஜஸ்ட்டில் கொடுங்கள். 104-ஐ இன்புட்டுக்கும் மைனஸுக்கும் இடையே, ஐ.சி.க்கு ஒட்டினாற்போல வையுங்கள். 10 மைக்ரோஃபாரட் அவுட்புட்டுக்கும் மைனஸுக்கும் இடையே. அதன் உடம்பில் கோடு போட்ட கால் மைனஸுக்கு.

இது வேலை செய்யும் விதம் அழகானது. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி ஐ.சி. பார்த்துக்கொள்கிறது. அதனால் 240 ஓம் வழியாக ஓடும் கரண்ட் மாறாது, சுமார் 5 மில்லிஆம்பியர். அதே கரண்ட் பாட் வழியாக இறங்கும்போது, பாட்டின் ஓம் கூடக்கூட அவுட்புட்டும் ஏறுகிறது. பாட் ஓமை 240-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25-ஆல் பெருக்கினால் வோல்ட்டேஜ் வந்துவிடும். 720 ஓமுக்கு 5 வோல்ட். ஐ.சி. தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்வதால் 10-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சூடு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 12 வோல்ட்டை 3 ஆக்கினால் மீதி 9 வோல்ட் எங்கே போகும்? எல்லாம் ஐ.சி.க்குள் சூடாக மாறுகிறது. மோட்டார் அரை ஆம்பியர் இழுத்தால் ஐ.சி.யில் 4.5 வாட், மோட்டாருக்கு வெறும் 1.5 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டினால் விரல் வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள அவுட்புட்டைக் குறைத்துவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான் பட்ட பாடு ஒன்று. முதன்முதலில் இதைப் பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்தேன். ஐ.சி.யின் முதுகில் உள்ள உலோகத் தகடும் அவுட்புட்டும் உள்ளே ஒன்றுதான். ஹீட்சிங்க் டப்பாவில் பட்டது, டப்பாவிலோ ஏற்கெனவே ஜாக்கின் மைனஸ் பட்டுக்கொண்டிருந்தது. நேராக ஷார்ட்! பிளாஸ்டிக் டப்பா போதும். உலோகம்தான் வேண்டுமென்றால் தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கரண்ட் கடத்தாத மைக்கா ஷீட், ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) இரண்டும் அவசியம்.

பவர் கொடுக்கும் முன் அவுட்புட்டில் எதையும் மாட்டாமல் மீட்டரை மட்டும் வையுங்கள். பிறகு பவர் கொடுத்துக் குமிழைத் திருப்பினால் 1.25-இல் இருந்து ஏறி இறங்க வேண்டும். இறங்கவே இறங்காமல் உச்சத்திலேயே நின்றால் கால்கள் மாறியிருக்கும், இல்லை பாட்டின் மைனஸ் ஒயர் விட்டிருக்கும். எல்லாம் சரியென்றால் 3 வோல்ட்டில் நிறுத்தி மோட்டாரை மாட்டி, ஓடும்போது மறுபடி அளந்து பாருங்கள்.

பையன் குமிழைச் சுற்றி வெள்ளைப் பேப்பர் ஒட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து 3, 5, 9 என்று பேனாவால் குறித்துவிட்டான். இப்போது புது மோட்டார் 3-இல் ஓடுகிறது.