முதல் கதையை இதழுக்கு அனுப்பும் முன்
எழுதத் தொடங்கியிருக்கும் இளையோர், தம் கதையை ஓர் இதழுக்கு அனுப்பும் முன் அதன் அண்மைய 3 வெளியீடுகளையேனும் முழுமையாகப் படித்துவிட வேண்டும். ஏனெனில் நல்ல கதையும்கூட, அந்த இதழின் இயல்புக்கும் பக்க அளவுக்கும் பொருந்தாத ஒரே காரணத்தால் திரும்பிவிடக்கூடும். 1,500 சொற்கள் கேட்டிருந்தால் 2,000 சொற்களை அனுப்பாதீர்கள். எழுதியதை ஒரு வாரம் தள்ளிவைத்து, பிறகு வாய்விட்டுப் படித்தால், கண்ணுக்குத் தப்பிய பிழைகள் காதில் இடறும். இதனை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்பதை விதிமுறைகளில் பார்த்துக்கொள்ளுங்கள். நூலாக்குவதற்கு உங்களிடமே பணம் கேட்கும் பதிப்பகத்தாரிடம், பதிப்புரிமை யாருக்கு, எத்தனை படிகள் அச்சாகும் என்பவற்றை எழுத்து வடிவில் பெறாமல் கையொப்பமிட வேண்டாம். சட்டப்படி உரிய வயதை எட்டாதவர்கள் பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்வது அவசியம்.