காலண்டரில் என் தூக்கம்

இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை சில காலம் அளவுக்கு மீறி உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய், என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு 27 வயது. லித்தியம் எழுதிக் கொடுத்தார். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பயனைக் கண்டறிந்த அதே உப்பு. ஆறு மாதம் நன்றாக இருந்ததும் நானே நிறுத்திவிட்டேன். அடுத்த மாதமே மூன்று இரவு தூக்கமில்லை, களைப்பும் இல்லை. சேமிப்பு முழுக்கக் கரைந்தது. அப்புறம் வந்த சோர்வில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை.

மாத்திரையை மறுபடி தொடங்கியதும், அம்மா மாதக் காலண்டரில் நான் தூங்கிய நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றியதில் பாதி அதுதான். இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் போவோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு பார்ப்பார்கள். உடலில் நீர் வற்றினால் அந்த அளவு ஏறிவிடும் என்பதால் வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கும்.

இந்த மாதக் கட்டங்களில் ஏழு, ஏழரை என்றே அம்மா எழுதியிருக்கிறார்.