தீராத நிலப் பிணக்கின் இருபுறமும் இணைந்து பணியாற்றுவது எப்படி?

போர்நிறுத்தம் இருக்கிறது, அமைதி ஒப்பந்தம் இல்லை. நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. சைப்ரஸ், காஷ்மீர், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியா போன்ற இத்தகைய பகுதிகளில், பிரிக்கும் கோட்டின் இருபுறமும் உள்ள குடிமைச் சமூக அமைப்புகள் நல்லிணக்கப் பணியில் சேர்ந்து இறங்க நினைத்தால், நிலக் கேள்வியைத் தீர்ப்பது தங்கள் வேலையன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தீர்க்கப் புகுந்த கூட்டங்களில், வந்தவர்கள் விரைவிலேயே தத்தம் தரப்பின் வழக்கறிஞர்களாக மாறிவிடுகிறார்கள்.

ஆகவே, இரு தரப்புக்கும் தேவைப்படுவதும் ஒரு தரப்பால் தனியே முடிக்க இயலாததுமான ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். சைப்ரஸின் தலைநகரான நிக்கோசியா 1974இல் கிரேக்க சைப்ரஸ், துருக்கிய சைப்ரஸ் பகுதிகளாக முற்றாகப் பிரிந்தபோது, நிலத்தடிக் கழிவுநீருக்கு அந்தப் பிரிவினை பொருந்தவில்லை. இரு பகுதிகளின் நகரத் தலைவர்களான லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் முஸ்தபா அகின்ஜியும் 1970களின் பிற்பகுதியில் பேசி, நகரம் முழுமைக்குமான வடிகால் திட்டத்துக்கு உடன்பட்டார்கள். எங்கூரி நீர்மின் திட்டத்தில் அணை ஜார்ஜியாவின் கட்டுப்பாட்டிலும் மின் நிலையம் அப்காசியாவின் பக்கத்திலும் இருப்பதால், போர்களுக்குப் பின்னரும் இருவரும் மின்சாரத்தைப் பகிர்ந்தே வருகிறார்கள். இவை பெரிய கட்டுமானங்கள். தொண்டு அமைப்புகளின் அளவில் வெள்ள எச்சரிக்கை, கால்நடை நோய்த் தடுப்பு, மறுபுறத்தில் விடுபட்டுப்போன கல்லறைகளைப் பேணுதல் ஆகியவை அதே இயல்புடையவை.

எல்லாவற்றிலும் கனமானது காணாமல் போனவர்களைத் தேடும் பணி. சைப்ரஸின் காணாமல் போனோர் குழு 1981இல், ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு இரு சமூகங்களின் உடன்பாட்டால் அமைந்தது. கிரேக்க சைப்ரஸ் உறுப்பினர் ஒருவர், துருக்கிய சைப்ரஸ் உறுப்பினர் ஒருவர், ஐக்கிய நாடுகள் சபையால் நியமிக்கப்படும் மூன்றாமவர் ஒருவர் என அதன் அமைப்பு. அதன் பட்டியலில் இருந்தவர்கள் 1,510 கிரேக்க சைப்ரஸ் மக்களும் 492 துருக்கிய சைப்ரஸ் மக்களும். உடல்களைத் தோண்டியெடுக்கும் கூட்டுப் பணி 2006இல்தான் முழுவீச்சில் தொடங்கியது. அதாவது இடைப்பட்ட கால் நூற்றாண்டு பெரும்பாலும் கோப்புகளிலேயே கழிந்தது. அந்தக் குழு இறப்புக்கான காரணத்தையோ கொன்றவர் யார் என்பதையோ தீர்மானிப்பதில்லை. எலும்புகளை அடையாளங்கண்டு குடும்பத்திடம் ஒப்படைப்பதோடு அதன் அதிகாரம் நிற்கிறது. இந்த வரம்பு இருப்பதால்தான் புதைகுழிகளைப் பற்றி அறிந்தவர்கள் வாய் திறக்கிறார்கள். இதே வரம்புதான் நீதி கேட்கும் குடும்பங்களுக்கு மனக்குறையாகவும் இருக்கிறது. இத்தகைய பணியைத் தொடங்குபவர்கள், எதை அளிக்க முடியும், எதை அளிக்க முடியாது என்பதைக் குடும்பங்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் சொல்வது ஏமாற்றியதாகவே படும்.

பணி முடிவானதும், எழுத்து வடிவில் ஓர் உடன்பாடு தேவை. இடப்பெயர்கள், ஆட்சியமைப்புகளின் பெயர்கள், வரைபடங்கள் ஆகியவற்றை எப்படிக் குறிப்பிடுவது என்பதை அதில் முதலிலேயே வரையறுங்கள். செர்பியா தனி நாடாக ஏற்காத கொசோவோ, வட்டார நாடுகளின் கூட்டங்களில் பங்கேற்பதற்காக 2012இல் எட்டப்பட்ட ஏற்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி: பெயருக்கு அருகே ஒரு நட்சத்திரக்குறி, அடியில் ‘இப்பெயர் தகுதிநிலை குறித்த நிலைப்பாடுகளைப் பாதிக்காது’ என்ற பொருளில் ஒரு குறிப்பு. அழகற்ற தீர்வுதான், ஆனாலும் கூட்டம் நடந்தது. ஊடகங்களிடம் யார் பேசுவது, நிழற்படம் எடுக்கலாமா, அறிக்கைகளை வெளியிடும் முன் யார் படிக்க வேண்டும் என்பனவும் அதே தாளில் இடம்பெறட்டும்.

பங்கேற்பாளர்களின் பாதுகாப்பில் சமரசத்துக்கு இடமில்லை. தம் நாட்டோடு நிலப் பிணக்கில் இருந்த ஆர்மீனியர்களோடு உரையாடல் பணிகளில் ஈடுபட்ட அசர்பைஜானின் மனித உரிமை ஆர்வலர் லேலா யூனுஸும் அவருடைய கணவரும் 2014இல் கைதானபோது, அவர்கள்மீது சுமத்தப்பட்டவற்றுள் தேசத்துரோகக் குற்றச்சாட்டும் ஒன்று. ஜார்ஜியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், அப்காசியாவுக்குள் ரஷ்யப் பக்கமாக வெளிநாட்டவர் நுழைவதைத் தடைசெய்கிறது. இருபுறமும் உள்ள சட்ட வல்லுநர்களிடம் தனித்தனியே கருத்துக் கேளுங்கள். எவ்வளவு வெளிப்படையாக இயங்குவது என்பதை அதிக ஆபத்தில் இருப்பவரே முடிவு செய்யட்டும். நிதி வழங்குநரின் சின்னமும் பதாகையும் அதற்குப் பிறகுதான்.

சந்திப்பிடம் கோட்டுக்கு அருகிலேயே கிடைத்தால் நல்லது. நிக்கோசியாவில் இரு பகுதிகளுக்கும் நடுவே ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்பிலுள்ள இடைவெளி மண்டலத்தில் 2011 முதல் இயங்கும் ‘ஒத்துழைப்பு இல்லம்’ இரு பக்கத்தாரும் நடந்தே வரக்கூடிய இடம். அவ்வாறு வாய்க்காதபோது மூன்றாம் நாட்டு விடுதிகளே மிஞ்சுகின்றன. அங்கு கடவுச்சீட்டும் ஆங்கிலமும் உள்ளவர்களே போக முடிகிறது, ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே முகங்கள் திரும்பி வருகின்றன. உரைபெயர்ப்பாளருக்குச் செலவிடுவதைத் தவிர்க்காதீர்கள். இடம்பெயர்ந்தவர்களையும் அழையுங்கள். அவர்கள் கசப்போடு பேசுவார்கள் என்ற அச்சத்தில் பலர் அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் இல்லாத நல்லிணக்கம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கூட்டுச் சந்திப்புக்கு முன் ஒவ்வொரு தரப்பும் தன் மக்களோடு தனியே கூடிப் பேசுவது, பின்னர் வரும் வெடிப்புகளில் பலவற்றைத் தணிக்கும்.

பணவிஷயம் சுருக்கமானது, ஆயினும் உறவுகள் முறிவது பெரும்பாலும் இங்கேதான். அங்கீகாரமற்ற பகுதியின் அமைப்புகளுக்கு வெளிநாட்டு நிதி நேரடியாகச் செல்வது கடினம் என்பதால், மறுபுற அமைப்பே கணக்கை வைத்திருக்கும். அந்த வசதி தலைமைப் பொறுப்பாக மாறாமலிருக்க, செலவு முடிவுகளுக்கு இரு தரப்பின் கையொப்பமும் கட்டாயம் என்று விதியுங்கள்.

இறுதியாக, மோதல் மீண்டும் மூளும் நாளுக்கான திட்டம். காஷ்மீரில் ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்து 2005 ஏப்ரலில் கடவுச்சீட்டுக்குப் பதில் தனி அனுமதிச் சீட்டுடன் தொடங்கியது. 2008 அக்டோபரில் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து பண்டமாற்று வணிகமும் தொடங்கியது. 2019 ஏப்ரலில் அவ்வணிகம் நிறுத்தப்பட்டது. உங்கள் பணியும் ஒருநாள் அவ்வாறு நிறுத்தப்படலாம். ஆகவே, துப்பாக்கிச் சூடு தொடங்கினால் முதல் நாளில் யார் யாரை அழைப்பது, கூட்டறிக்கை வெளியிடுவதா அமைதி காப்பதா, தரவுகளின் படிகள் எங்கே இருக்கும், சந்திக்க முடியாத மாதங்களில் ஒவ்வொரு தரப்பும் தன் பங்கைத் தனியே எவ்வாறு தொடரும் என்பனவற்றை அமைதியான காலத்திலேயே எழுதி வையுங்கள். அந்த நாட்களில் சக அமைப்பினர் சமூக ஊடகத்தில் தம் தரப்பின் முழக்கத்தைப் பகிர்ந்துவிடவும் கூடும். அதை வைத்து உடனே உறவை முறிக்காமல், நேரில் பேசும்வரை பொறுத்திருப்பதென்ற விதியையும் உடன்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.