ஒரே சன்னலில் ஒன்பது மழை வரைபடங்கள்

மொரிஷியஸின் 9 மாவட்ட மழையளவையும் பைத்தான் மொழி, சன்னல் அமைக்கும் கியூட்டி (Qt), வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் (matplotlib) ஆகியவற்றைக் கொண்டு ஒரே சன்னலில் காட்டலாம். வெற்று விட்ஜெட் (சன்னலின் ஓர் உறுப்பு) ஒன்றில் செங்குத்து லேஅவுட் போட்டு, கேன்வாஸ்களை (வரைபடம் ஒவ்வொன்றும் தெரியும் பரப்பு) வரிசையாகச் சேருங்கள். அந்த விட்ஜெட்டை ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் (உருட்டிப் பார்க்கும் பகுதி) வைத்து, 'செட் விட்ஜெட் ரீசைசபிள்' (setWidgetResizable) என்பதற்கு ட்ரூ கொடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது உயரத்தில்தான். ஒவ்வொரு கேன்வாஸுக்கும் குறைந்தபட்ச உயரமாக 300 பிக்சல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதும் நசுங்கிச் சன்னலுக்குள்ளேயே அடங்கிவிடும். ஸ்க்ரோல்பார் எட்டிக்கூடப் பார்க்காது.

அடுத்த தலைவலி மவுஸ் சக்கரம். சுட்டி வரைபடத்தின் மேல் இருந்தால், உருட்டலைக் கேன்வாஸே விழுங்கிவிடும். கேன்வாஸ் கிளாஸிலிருந்து துணைக் கிளாஸ் ஒன்றை எழுதி, அதன் வீல் ஈவென்ட்டுக்குள் (wheelEvent) ஈவென்ட்டின் இக்னோரை (ignore) அழைத்தால், உருட்டல் ஸ்க்ரோல் ஏரியாவுக்குப் போய்ச் சரியாகிவிடும்.

படத்தை உருவாக்க மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் (pyplot) வேண்டாம், அதன் ஃபிகர் (Figure) கிளாஸே போதும். பைபிளாட்டில் திறந்த படங்கள், நாமாக மூடும்வரை நினைவகத்தில் கிடக்கும்.

ஒய் அச்சின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். தானாக விட்டால், வறண்ட பிளாக் ரிவரும் மழை கொட்டும் பிளெய்ன் வில்ஹெம்ஸும் ஒரே மாதிரி தெரியும்.